பாலைமரத்து விசில்

"ஏன் என்ர ஆடுகளைக் கூப்பிடுறியள்?"

ஓடிவந்து மூச்சிரைக்க நின்றாள் ஜெனிஸ்ரா. முருங்கன் காட்டோரம் மண்டையோட்டுப் பலகை நட்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் மிதிவெடி. அவளுடைய விசிலுக்கு மட்டும்தான் ஆடுகள் திரும்பும்... அதே விசில் இப்போது பலகைக்கு அப்பாலிருந்து கேட்டது. முன்னால் போன கிடாய் அங்கே திரும்பிவிட்டது. பாய்ந்து அதன் காதைப் பிடித்தாள்.

பலகைக்கு இந்தப் பக்கம், பாலைமரத்தடியில் தொலைநோக்கியோடு நின்றவன் திரும்பினான். அம்மாடி, என்ன கண்கள்... மழை இருட்டின வானம்போல.

"நான் ஊதேல்லை. நீங்கள்தான் ஊதி என்ர குருவியைக் கலைக்கிறியள்."

"நான் பொய் சொல்றனோ?"

"பின்ன நானோ?"

கோபத்தில் உதிர்ந்த பாலைப்பழங்களை அள்ளி வாயில் போட்டாள். பழத்தின் பால் ஒட்டி உதடு பசையாகிவிட்டது, இனி விசில் ஊத வராது. அப்போது பார்த்து... மீண்டும் அதே விசில்!

அவன் வாயும் மூடித்தான் இருந்தது. இருவரும் அண்ணாந்து, பலகைக்கு அப்பால் நீண்டிருந்த கிளையைப் பார்த்தார்கள். கறுத்த தலை, செம்பழுப்பு வயிறு, நீண்ட வால், இடுப்பில் ஒரு வெள்ளை.

"சோலைபாடி..." அவன் தொலைநோக்கியை உயர்த்தினான். "மற்றவையின்ர குரலைக் களவெடுக்கும். ஒரே சத்தத்தை ஒவ்வொரு நாளும், கிழமைக்கணக்கா கேட்டால்தான் பிடிக்கும். ஆடுகளை வேற சத்தத்துக்குப் பழக்குங்கோ. நான் ஜெகதீபன். குருவிக் கணக்கெடுக்க வந்தனான்."

மன்னிப்புக் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. அவளுக்கும்தான். "நான் ஜெனிஸ்ரா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பிறகு வெறும் பால்பேணித் தகரத்தைத் தட்டி ஆடுகளைப் பழக்கினாள். ஆனால் அவள் காது வேறு யாருக்காகவோ காட்டுப் பக்கமே இருந்தது...

"அந்தக் குருவிக்காரப் பொடியன் வேலை முடிஞ்சு போயிட்டானாம்" என்றாள் அம்மா புஸ்பம் ஒருநாள். ஜெனிஸ்ரா சோற்றைத் தள்ளி வைத்தாள்.

பழக்காலம் முடிகிற நேரம், ஒரு விடியலில் அதே கிளையிலிருந்து புது விசில். குழைந்து, ஏங்கி... இது அவளுடையது இல்லையே! ஓடினாள்.

பாலைமரத்தடியில் ஜெகதீபன். வாய் நிறையப் பாலைப்பழம்.

"ஊதினது நீங்கள்தானே?"

இல்லையென்று தலையாட்டி, ஒட்டிய உதட்டைக் காட்டினான். மேலே குருவி மறுபடி பாடியது.

"ஓம், குருவிதான். ஆனா அது ஆரிட்டப் படிச்சது? கிழமைக்கணக்கா கேட்டால்தான் பிடிக்கும் எண்டு ஆரோ பெரிய படிப்பாளி சொன்னவர்..."

அவன் காது சிவந்தது. புறங்கையால் உதட்டைத் தேய்த்தான்.

"வேலை முடிஞ்சும் நான் போகேல்லை. மன்னிப்புக் கேக்கத்தான் ஒவ்வொரு விடியவும் வந்து மெல்ல ஊதினனான். உங்கட பேணிச் சத்தம் கேட்டவுடன பயத்தில ஓடிடுவன்."

"என்ன, நானென்ன கடிக்கிறனோ?"

"கடிச்சாலும் பரவாயில்லை. ஜெனிஸ்ரா... எனக்கு உங்களை விருப்பம்."

அவன் கையிலிருந்த கடைசிப் பழத்தை எடுத்து வாயில் போட்டாள். உதடு ஒட்டிக்கொண்டது. நல்லதாய்ப் போயிற்று, பதில் சொல்லத் தேவையில்லை!

பால்பேணியை மெல்லத் தட்டினாள்.

ஆடுகள் வந்தன... அவற்றோடு அவனும் வந்தான்.