தண்ணீருக்குள் ஒரு பேருந்து

நண்டு என்பது அவளுடைய நிஜப் பெயர் இல்லை. நேராக நீந்தாமல் ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போவாள் என்பதால் நீச்சல் குளத்தில் எல்லோரும் அவளை அப்படிக் கூப்பிட்டார்கள்.

சனிக்கிழமை பள்ளிகளுக்கு இடையே தொடர் நீச்சல் போட்டி. அணிக்கு நான்கு பேர், ஒருவர் பின் ஒருவராக நீந்த வேண்டும். நண்டு மாற்று ஆள். தோழிகளின் துண்டுகளைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் அவள் வேலையாக இருந்தது. ஆனால், கடைசியாக நீந்த வேண்டிய பெண் காய்ச்சலில் படுத்துவிட்டாள்.

அணித் தலைவி நெட்டச்சி நீச்சல் மாஸ்டரை ஓரமாகக் கூப்பிட்டுப் போனாள். "அப்ப, நம்ம நண்டா நீந்தப் போறா?" என்று மெதுவாகக் கேட்டாள். அது நண்டின் காதிலும் விழுந்தது.

நண்டுக்குக் கையும் காலும் நன்றாகத்தான் வேலை செய்தன. மூச்சுதான் காலை வாரியது. பாதிக் குளம் தாண்டுவதற்குள் நெஞ்சு முட்டும். காற்றுக்காகத் தலையைத் தூக்குவாள். தலை மேலே போனால் கால் கீழே போகும். அப்புறம் ஒரு வாய் தண்ணீர், இருமல், நடுக்குளத்தில் நிற்பது.

தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் திருப்பச் சொல்லிச் சொல்லி மாஸ்டருக்குத் தொண்டை கட்டிவிட்டது. திருப்பிப் பார்த்தாள். அப்போதும் காற்று போதவில்லை. முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது அவள் என்ன செய்கிறாள் என்பது கரையில் நின்ற மாஸ்டருக்கு எப்படித் தெரியும்?

வெள்ளிக்கிழமை மாலை கடைசிப் பயிற்சி. நண்டு பெரிய குளத்துக்கு ஓடும்போது, சின்னக் குளத்தில் அழுகைச் சத்தம் கேட்டது. சித்தி மகன் பொடியன். அன்றுதான் முதல் நாள். முகத்தைத் தண்ணீரில் வைக்க மாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

நண்டு பெரிய குளத்தைப் பார்த்தாள். பொடியனைப் பார்த்தாள். பிறகு சின்னக் குளத்தில் இறங்கிவிட்டாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு பொடியன் முகத்தை முக்கினான். கன்னம் இரண்டும் பலூன் போல உப்பியிருந்தன. உடனே பதறி எழுந்தான்.

"மூச்ச ஏன்டா புடிச்சு வச்சுக்கற? தண்ணிக்குள்ளயே வெளிய விட்டுடு."

"தண்ணிக்குள்ள எப்படிக்கா விடறது?"

நண்டு யோசித்தாள். "பஸ் ஓட்டு. வாய மூடிக்கிட்டு ம்ம்ம்னு."

பொடியன் பஸ் ஓட்டினான். மூக்கிலிருந்து குமிழிகள் கொப்பளித்தன. எழுந்து சிரித்துவிட்டு மறுபடி ஓட்டினான். மூன்றாம் முறை கேட்டான்: "நீயும் இப்படித்தான் விடுவியாக்கா?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

இல்லை. அவள் விடுவதே இல்லை. உள்ளே இருக்கும் வரை மூச்சை இறுக்கிப் பிடித்திருப்பாள். தலையைத் திருப்பிய பிறகுதான் பழைய காற்றைத் தள்ளுவாள். புதுக் காற்றை இழுக்க நேரம் ஏது?

பெரிய குளத்தில் குதித்தாள். ம்ம்ம் என்று காற்றை விட்டபடியே நீந்தினாள். தலையைத் திருப்பியதும் காற்று தானாக உள்ளே வந்தது. தலையைத் தூக்கத் தோன்றவே இல்லை. ஒரு காது தண்ணீரிலேயே இருந்தது. நிற்காமல் எதிர்ச் சுவரைத் தொட்டபோது, கத்த வேண்டும் போல இருந்தது அவளுக்கு.

மறுநாள் போட்டி. நெட்டச்சிதான் மூன்றாவது. அவள் சுவரைத் தொட்டபோது அணி நான்காம் இடத்தில் இருந்தது. நண்டு பாய்ந்தாள்.

பரபரப்பில் எல்லாம் மறந்துபோனது. மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நெஞ்சு முட்டியது. ஒரு மிடறு தண்ணீர் தொண்டையில் இறங்கியது. தலையைத் தூக்கிவிடலாமா? கால்கள் கனக்கத் தொடங்கின.

ம்ம்ம்.

குமிழிகள் கன்னத்தைக் கூசவைத்தன. திருப்பினாள். காற்று. மறுபடி ம்ம்ம். பக்கத்துத் தடத்தில் அடித்த கால்கள் பின்னால் போயின. இன்னொரு ஜோடிக் கால்களும் போயின. சுவர் கையில் மோதியது.

இரண்டாம் இடம். ஒரு கை நீளத்தில் முதலிடம் போய்விட்டது. ஜெயித்த பெண் தடக் கயிற்றில் தொங்கியபடி வாயைப் பிளந்து மூச்சு வாங்கினாள். கரையில் கத்திக் குதித்த நெட்டச்சியும் மற்றவர்களும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இரைத்தார்கள்.

நண்டு மட்டும் சுவரைப் பிடித்தபடி நிமிர்ந்து கேட்டாள்:

"இன்னொரு தடவ நீந்தலாமா?"