இரண்டு தட்டு, இடைவெளி, ஒரு தட்டு

நேற்று கெட்டியாக இருந்த கல் இன்று காலியாக ஒலித்தது.

சமையலறை வாசலுக்கு நேரே, சுவரிலிருந்து மூன்றாவது டைல்ஸ். ரப்பர் சுத்தியலின் மரப்பிடியால் அவன் மறுபடியும் தட்டிப் பார்த்தான். இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, ஒரு தட்டு. பதினெட்டு வருடமாக அவன் தட்டுவது அப்படித்தான். முதல் இரண்டும் கல்லுக்கு, கடைசித் தட்டு காதுக்கு என்று கூட வேலை செய்பவர்களிடம் விளையாட்டாகச் சொல்வான். அடியில் கலவை பிடித்திருந்தால் சத்தம் அங்கேயே செத்துவிடும். பிடிக்காமல் விட்டிருந்தால், வெறும் பானையைத் தட்டினாற்போல் உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும். அப்படித் திரும்பி வந்தால் அந்தக் கல்லின் மேல் நீலச் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுவான். குறி விழுந்த கல்லைப் பெயர்த்துப் போட்டுவிட்டு வேறொன்றைப் பதிக்க வேண்டும் என்று அர்த்தம்.

நேற்று மாலை கூடம் முழுக்கத் தட்டி ஏழு குறி போட்டிருந்தான். இந்தக் கல்லில் குறி இல்லை. தன் காது தப்புப் பண்ணாது என்பதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. பக்கத்துக் கல்லைத் தட்டினான். அதுவும் காலி. அதற்கடுத்ததும் காலி.

ஊரில் பாதி வீட்டுக்குத் தரை போட்டவன் வீட்டுத் தரை, நடந்தால் பேசுகிறது என்று மனைவி கேலி பண்ணிக்கொண்டிருந்தாள். போன வாரம் தூக்கிக்கொண்டிருந்த ஒரு ஓரத்தில் இடறி மகள் விழுந்து, கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்து வந்ததோடு அந்தக் கேலி நின்றுபோயிற்று. மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலையில் டியூட்டிக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "நான் எட்டு மணிக்கு வர்றப்போ இந்தத் தரை ஆடக் கூடாது. புள்ளையப் பத்திரமா பாத்துக்கோங்க" என்று மட்டும் சொன்னாள். அவனும் கூடத்துச் சாமான் எல்லாவற்றையும் வெளியே தூக்கிப் போட்டுவிட்டு வேலையில் உட்கார்ந்துவிட்டான்.

மகளுக்கு நாலு வயது. வீட்டில் சுண்டு என்று கூப்பிடுவார்கள். கட்டைவிரலில் வெள்ளைக் கட்டோடு, கையில் ஒரு மரக்கரண்டியை வைத்துக்கொண்டு, அப்பா போகிற இடமெல்லாம் அவளும் தரையைத் தட்டிக்கொண்டே வருவாள். சரியான அவசரக்குடுக்கை. டக்டக்டக் என்று மூன்றையும் ஒரே மூச்சில் தட்டித் தீர்த்துவிடுவாள். நடுவில் கொஞ்சம் நிற்க வேண்டும் என்று எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தாலும் அந்த இடைவெளி மட்டும் அவளுக்கு வரவே வராது.

மதியம் மூன்று மணிக்கு மேல் மழை கட்டிக்கொண்டு கூடம் இருட்டியது. விளக்கைப் போட்டுவிட்டு, குறி போட்டதில் முதல் கல்லை உளியால் நெம்பினான். அது பிடிவாதமே காட்டாமல், யாரோ அடியிலிருந்து தூக்கிக் கொடுத்ததுபோல் வந்தது. அடியில் அவன் பண்ணிய பாவம் அப்படியே இருந்தது. கல்லின் அடியில் முழுக்கக் கலவையைப் பரப்பாமல், நாலு மூலைக்கும் நடுவுக்கும் ஒவ்வொரு உருண்டை வைத்து அழுத்திவிடுவது சோம்பேறி வேலை. அடுத்தவர் வீட்டில் யாராவது அப்படிச் செய்தால் கலவைக் கரண்டியைப் பிடுங்கிக்கொள்வான். தன் வீட்டில் அதைத்தான் செய்தான். மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம், பிள்ளை பிறப்பதற்குள் முடிக்க வேண்டிய அவசரம். யார் பெயர்த்துப் பார்க்கப் போகிறார்கள் என்ற அலட்சியம் வேறு. இந்தத் தரைக்கும் சுண்டுவுக்கும் ஒரே வயது.

அந்தக் காலி இடத்தில் தூசியும் மணலும் இருந்திருக்க வேண்டும். இல்லை. யாரோ உள்ளங்கையால் நாள்கணக்கில் தடவினதுபோல் வழவழவென்று இருந்தது. அங்கிருந்து ஒரு வாடை எழுந்தது. வெகுநாள் பூட்டிக் கிடந்த அறையின் வாடை, அதற்குள்ளே ஆள் படுத்து எழுந்த பாயின் வாடை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கையிலிருந்த கல்லைக் குப்புறப் போட்டான்.

கல்லின் அடிப்பக்கத்தில், நடுவில், நீலச் சாக்பீஸில் ஒரு பெருக்கல் குறி.

பதிக்கும்போது தானே போட்டிருப்போம் என்று முதலில் மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டான். ஆனால் நீலச் சாக்பீஸ் டப்பாவை அவன் வாங்கியது இந்த வியாழக்கிழமை. வாசல் நிலையில் அது இன்னும் பாதிகூடத் தீராமல் இருக்கிறது. மளமளவென்று மற்ற ஆறு கல்லையும் நெம்பித் திருப்பினான். எல்லாவற்றின் அடியிலும் குறி. குறியே போடாத, சமையலறை வாசலின் மூன்றாவது கல்லையும் திருப்பினான். அதிலும் இருந்தது.

அதற்குப் பிறகு அவன் யோசிக்கவில்லை. யோசித்தால் கை நின்றுவிடும் என்று பயந்தான். சிமெண்டுப் பாலைக் கரைத்து முதல் குழியில் ஊற்றினான். அது ஒரு நிமிடம் தளும்பி நின்றது. பிறகு சீராக, வாய் வைத்து உறிஞ்சுவது மாதிரி இறங்கியது. இன்னொரு வாளி ஊற்றினான். அதுவும் இறங்கியது. நாலாவது வாளியோடு மூட்டை தீர்ந்துபோயிற்று. குழியின் அடி ஈரம்கூட இல்லாமல் வழவழவென்று மின்னியது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு. இடைவெளி. ஒரு தட்டு.

"சுண்டு, தட்டாத கண்ணு."

"நான் தட்டலப்பா." அவள் அவனுக்குப் பின்னால்தான், பாதத்தைக் கல்லில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். கரண்டி மடியில் கிடந்தது. "கீழ இருக்கறவங்கதான் தட்டுறாங்க. காலையிலேர்ந்து தட்டுறாங்க."

வீட்டுக்குக் கீழே வீடு கிடையாது. மண்தான். சத்தம் சமையலறை ஓரத்தில் ஆரம்பித்து, கல் கல்லாக வரிசை பிசகாமல் வந்தது. ஒவ்வொன்றிலும் இரண்டு, இடைவெளி, ஒன்று. நல்ல வேலைக்காரன் தட்டுகிற நிதானம். அவன் மண்டியிட்டிருந்த கல்லுக்கு அடியில் வந்து தட்டியது. முழங்கால் சில்லில் அது தெரிந்தது. பிறகு அவனை விட்டுவிட்டு நகர்ந்து போனது. சுண்டு உட்கார்ந்திருந்த கல்லுக்கு அடியில் போய் நின்றது. மறுபடி தட்டியது. மறுபடி. சந்தேகமான கல்லில் அவனும் அப்படித்தான் செய்வான்.

கீழே இருப்பது கல்லைச் சோதிக்கவில்லை. கல்லின் மேல் இருப்பதைச் சோதிக்கிறது.

பிறகு ஒரு கீறல். சர்ர். குறுக்கே இன்னொன்று. சர்ர்.

"அப்பா, கூசுது" என்று சுண்டு சிரித்தாள்.

பாய்ந்து அவளைக் கரண்டியும் கையுமாகத் தூக்கினான். தூக்கும்போதே பாதம் கண்ணில் பட்டது. கட்டுப் போட்ட காலின் உள்ளங்காலில், நீலத்தில், பெருக்கல் குறி. எச்சில் தொட்டுத் தேய்த்தான். போகவில்லை. நகத்தால் சுரண்டினான். அவள் வலிக்கிறது என்று அழுதாள். குறி அப்படியே இருந்தது. அந்தக் குறிக்கு என்ன அர்த்தம் என்று உலகத்தில் அவனைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இல்லை.

வாசலுக்குப் பத்தடிகூட இல்லை. அவளை இறுக்கிக்கொண்டு ஒரு அடி வைத்தான். கல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கால் கணுக்கால்வரை உள்ளே போயிற்று. ஏதோ மிருதுவாக வழிவிட்டது. காலைப் பிடுங்கிக்கொண்டான். பிள்ளை நழுவப் பார்த்தாள். அடுத்த கல்லும் ஆடியது. வாசல்வரை எல்லாமே ஆடிக்கொண்டிருந்தன. மனைவிக்குப் போன் போட்டான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வார்டில் போனை எடுக்க மாட்டாள்.

பலகை. சுவரோரம் சாரப்பலகை கிடக்கிறது. அதை வாசல்வரை போட்டுவிட்டால் தரையை மிதிக்காமல் பிள்ளையோடு போய்விடலாம். எட்டி எடுக்க இரண்டு கையும் வேண்டும். எங்கே உட்கார வைப்பது? கைக்கு எட்டின கல்லையெல்லாம் தட்டினான். காலி. காலி. காலி. இடது பக்கம் ஒரே ஒரு கல், சத்தம் அங்கேயே செத்தது. கெட்டி. இரண்டாம் முறை தட்டினான். கெட்டியோ கெட்டி. கூடத்திலேயே உருப்படியாகப் பிடித்திருந்தது அது ஒன்றுதான். அழாத குறையாகச் சுண்டுவை, மரக்கரண்டியோடு, அதன்மேல் உட்கார வைத்தான்.

"அசையாத. அப்பா இந்தா வந்துட்டேன்."

கால் பெருவிரல்களில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, பலகையை இழுத்தான். பின்னால் கல்லோடு கல் உரசியது. திரும்பிப் பார்த்தான். சுண்டு அங்கேயே, அதே கல்லில், கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். போன உயிர் திரும்பி வந்தது. பலகையைப் போட்டான். இரண்டே எட்டு. அவளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஓடி, வாசலைத் தாண்டி, ஈர மண்ணில் வந்து விழுந்தான். மழை தூறிக்கொண்டிருந்தது. அவளை முத்தமிட்டான். தலை, கன்னம், கை, பாதம்.

உள்ளங்காலில் குறி இல்லை.

கட்டைவிரலில் கட்டும் இல்லை. நகம் முழுசாக, பளபளவென்று இருந்தது.

மெல்லத் தலையைத் திருப்பிக் கூடத்தைப் பார்த்தான். அவளை உட்கார வைத்த கல்லைச் சுற்றி நாலு பக்கமும் புதுச் சிமெண்டு பூசி, துடைத்து, ஈரம்கூடக் காயாமல் இருந்தது. அவ்வளவு நேர்த்தியாக அவனுக்கே வராது. அடியில் காற்று இல்லாவிட்டால் சத்தம் கெட்டியாகத்தான் வரும். கலவைதான் இருக்க வேண்டும் என்றில்லை. எதுவாவது கல்லோடு முகத்தை ஒட்டிப் படுத்திருந்தாலும் வரும்.

அந்தக் கல்லின் பக்கத்தில் எங்கும் சுண்டுவின் மரக்கரண்டி இல்லை.

தரைக்கு அடியில், ஆழத்தில், டக்டக்டக். மூன்றும் ஒரே மூச்சில். நடுவில் நிற்காமல். அவசரமாக. மறுபடி, இன்னும் ஆழத்தில், டக்டக்டக்.

கையில் இருந்தது அவன் நெஞ்சில் விரலை மடக்கித் தட்டியது. இரண்டு தட்டு.

இடைவெளி.

ஒரு தட்டு. பிறகு காதை அவன் மார்போடு வைத்துக் கேட்டது. கேட்டுவிட்டு, வாசல் நிலையில் இருந்த சாக்பீஸ் டப்பாவுக்காகக் கையை நீட்டியது.