ஹமீது பாய் கொடுத்த வழி

"லாரி வந்தாச்சு! இன்னும் அடுப்படியில என்ன பண்ற?" என்று வாசலில் நின்று கத்தினார் மரியஅந்தோணி.

அல்போன்சம்மாள் காப்பியை எடுத்து வைத்தாள். அவள் கண்ணெல்லாம் கூடத்தில் சாமான் கட்டிக்கொண்டிருந்த கொழுந்தன் இயேசுதாசன் மேலேயே இருந்தது. பல வருஷம் கழித்து, அண்ணன் கூப்பிட்டாரே என்று ஒத்தாசைக்கு வந்திருந்தான். வந்தவன் அண்ணி முகத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"காப்பி ஆறுது தம்பி..."

"வெளியிலயே குடிச்சிட்டேன்" என்றான் சுவரைப் பார்த்து.

மண்டாய்ப் பக்கத்து இந்த நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இனி உட்லண்ட்ஸ் அடுக்குமாடியில்தான் வாழ்க்கை. எழுபத்து மூன்றாம் வருஷம் சிராங்கூன் ரோட்டு வாடகை அறையை விட்டு, இந்தப் பலகை வீட்டையும் ரம்புத்தான் மரங்களையும் வாங்கிக் குடிவந்ததை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் இனிக்கும். சொந்த மண்! ஆனால் நல்ல தண்ணீர் இல்லை. கிணற்றில் ஊறியது துருத்தண்ணீர். அதில் குளித்துச் சின்னவள் பிரிஜட்டுக்கு உடம்பெல்லாம் சிரங்கு. மெயின் ரோட்டுப் பொதுக்குழாயிலிருந்து மண்ணெண்ணெய் டின்னில் சுமந்து சுமந்து அல்போன்சம்மாளின் தோள் காய்த்துப் போயிற்று.

ரோட்டிலிருந்து வீட்டுக்குக் குழாய் இழுப்பதென்றால் முன்வீட்டு அப்துல் ஹமீது தோட்டத்தின் வழியாகத்தான் இழுக்க வேண்டும். மரியஅந்தோணியோ வந்த வாரமே வேலித் தகராறில் அவரோடு முட்டிக்கொண்டவர். "தாகத்துல செத்தாலும் அவன் வாசல்ல போய் நிக்க மாட்டேன்!" என்பார். டின் தூக்காதவருக்கு வீறாப்புக்கு என்ன குறைச்சல்!

பிறகு ஒரு நாள் ஹமீதே வந்து, "என் தோட்டத்து வழியா பைப் போட்டுக்குங்க" என்றார். மரியஅந்தோணிக்குத் தலைகால் புரியவில்லை. "அவனே எறங்கி வந்தான் லா!" என்று பூசை முடிந்து கோயில் வாசலில் பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையடித்தார். குழாயில் முதல் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தபோது பிள்ளைகள் நனைந்து கூத்தாடிய கூத்து! அல்போன்சம்மாள் இரு கையாலும் ஏந்திக் குடித்துவிட்டு அழுதாள்.

கொஞ்ச நாளில், வேலை போய்க் கிடந்த இயேசுதாசன் இரண்டு பன்றிக்குட்டிகளோடு வந்தான். அந்த வட்டாரத்தில் பலரும் வளர்த்ததுதான். அவள்தான் மறித்து நின்றாள்.

"இந்த மண்ணுல பன்னி கட்டக் கூடாது தம்பி."

"ஏன்? காரணத்த சொல்லுங்க அண்ணி!"

அவள் வேலிப் படலை இழுத்துச் சாத்தினாள்.

"நான் பொழைக்கிறது உங்களுக்குப் பொறுக்கல... அதானே!"

தோ பாயோவில் நண்பன் வீட்டில் போய் ஒண்டியவன், பிறகு இந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை. கொழுந்தனை விரட்டியவள் என்ற பேர் அவளுக்கு நிலைத்தது. புருஷனும் பண்டிகைக்குப் பண்டிகை சொல்லிக் காட்டினார். பாவி மகள், அத்தனையையும் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

இப்போது வழியனுப்ப ஹமீது வந்தார். அவளைப் பார்த்து, "இனிமே சொன்னா என்ன தங்கச்சி?" என்றார். அவள் பதறி வேண்டாமென்று தலையாட்டினாள். அவர் விடவில்லை.

"அந்தோணி அண்ணே, பைப்புக்கு வழி கேட்டு என் வீட்டுக்கு வந்தது இவங்கதான். ஒங்க எடம் மேடு, எங்க கெணறு பள்ளம். தொழுகைக்கு முன்னால கைகால் கழுவி ஒளு செய்யிற தண்ணி. பன்னி மட்டும் கட்டாதீங்கன்னேன். கட்ட மாட்டோம்னு வாக்கு குடுத்தாங்க. நானா வந்து குடுத்த மாதிரி இருக்கணும்னு கேட்டுக்கிட்டதும் அவங்கதான்."

மரியஅந்தோணியின் முகம் தொங்கிப் போயிற்று. "எங்கிட்ட... ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா அன்னைக்கே பைப்ப பிடுங்கிப் போட்டிருப்பீங்க. வீம்புக்குன்னே பன்னியும் கட்டியிருப்பீங்க. இல்லன்னு சொல்லுங்க!" என்றாள் அல்போன்சம்மாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

இயேசுதாசன் கையிலிருந்த கயிற்றைப் போட்டுவிட்டு அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டான். "பாக்குறவங்ககிட்ட எல்லாம் உங்கள ஏசினேனே அண்ணி... எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே..."

"சொன்னா அண்ணன்கிட்ட மறைக்கத் தெரியுமா உங்களுக்கு? ஏசினது போகட்டும் தம்பி." அதுவரை அடக்கி வைத்திருந்தது அவளுக்கு உடைத்துக்கொண்டு வந்தது. "ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் உங்களுக்கும் ஒரு தட்டு வெப்பேன். நீங்க வர மாட்டீங்க. சாப்பிடாத தட்ட அந்தக் கொழாயில கழுவி வெக்கிறப்பதான்... இந்தத் தண்ணி நமக்கு வந்திருக்கவே வேணாம்னு தோணும்!"

அவன் அவள் கைகளைப் பற்றி முகத்தில் வைத்துக்கொண்டு சிறுபிள்ளைபோல் தேம்பினான். அவள் அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். மரியஅந்தோணி கண்ணைத் துடைத்தபடி வாசலுக்குப் போய், "கொஞ்சம் நிறுத்துப்பா! என் தம்பி இன்னும் சாப்பிடல" என்றார்.