நடைக்காப்பு

செவ்வாய்க் குடியிருப்பில் இதயக் குழாய் அடைப்பை எடுப்பது முடிவெட்டிக்கொள்வது மாதிரி. நோயாளி விழித்தபடியே படுத்திருப்பார். மணிக்கட்டு வழியே நுண்ணூர்தி ஒன்று இதயம்வரை போய்வரும். கண்ணாடிக்கு அப்பால் உறவினர்கள் முறுக்குக் கடித்துக்கொண்டு திரையில் வேடிக்கை பார்ப்பார்கள்.

சென்னியப்பனுக்கும் அப்படித்தான் தொடங்கியது. மனைவி குணவதி, மச்சினர்கள், அக்கம்பக்கத்தார் எல்லோரும் வந்திருந்தார்கள். போன பொங்கலுக்குத்தான் சிறந்த நடையாளர் என்று அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவருடைய நடைக்காப்பு எண்ணிய காலடிகளை மிஞ்ச ஆளில்லை. கையில் கட்டும் அந்தக் காப்பின் கணக்கை நம்பித்தான், அடைப்பு இளசாக இருக்கும் என்று சிகிச்சையை நடத்தும் கணினி மூளை, குழாயை விரிக்க வெறும் பலூனை அனுப்பியிருந்தது.

பலூன் விரியவில்லை. இடுப்பைக் கயிற்றால் கட்டியது போல நடுவில் ஒடுங்கி நின்றது.

"கல்லாட்டம் கால்சியம் படிஞ்சிருக்குங்க ஐயா," என்றார் டாக்டர் மெஹருன்னிசா. "அதிர்வலையில உடைக்கணும். ஆனா தெனமும் நடக்கிறவருக்கு இது இருக்காதுன்னு மூளை அடம்பிடிக்குது."

காப்பின் கணக்கு பொய்யென்று அதைக் கட்டியவரே வாய்விட்டுச் சொன்னாலொழிய மூளை வழியை மாற்றாது. அது அங்கே சட்டம். சொல்லாவிட்டால் பாதி திறந்த குழாயிலேயே ஸ்டென்ட் என்னும் வலைக்குழாயைப் பொருத்திவிடும். அது சீக்கிரமே மறுபடி அடைத்துக்கொள்ளும். அப்புறம் பிழைப்பது கஷ்டம்.

சென்னியப்பன் கண்ணாடிப் பக்கம் பார்த்தார். பெரிய மச்சினர் முறுக்கை வாயருகே நிறுத்தியிருந்தார்.

"நான் நடக்கலீங்க டாக்டரம்மா. காப்பை வீட்டு ஏவலன் கையில மாட்டி அனுப்பிட்டுப் படுத்துக்குவேன்."

ஏவலன் என்பது வீட்டுவேலை எந்திரம். அவர் சொன்னது ஒலிபெருக்கியில் அப்பாலும் கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை, எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அது சிரிப்பைவிட அவரைச் சுட்டது. டாக்டர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு அதிர்வலையை முடுக்கினார். கால்சியம் விரிசல்விட்டது, பலூன் விரிந்தது, ரத்தம் ஓடியது.

"அந்தப் பொன்னாடையைத் திருப்பிக் குடுத்துருங்க," என்றாள் குணவதி, அவர் முகத்தைப் பார்க்காமலே.

தேறியதும் ஒரு விடியலில், தானே காப்பைக் கட்டிக்கொண்டு நடைபாதைக்குப் போனார் சென்னியப்பன். பாதை நிறைய ஏவலன்கள். மச்சினர் வீட்டு ஏவலன் கையில் காப்பு. டாக்டர் வீட்டு ஏவலன் இரண்டு கையிலும் காப்பு. எதிரே வந்த தன் வீட்டு ஏவலன் கையில் குணவதியின் காப்பு.

கொஞ்ச தூரத்திலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. பக்கத்தில் வந்த ஏவலன் மரியாதையாக வேகத்தைக் குறைத்தது.

"புதுசா வர்றீங்களா? யாருக்காக நடக்கிறீங்க?"

அவர் நின்று தன் காப்பைப் பார்த்தார்.

"முடியலைன்னா காப்பைக் குடுங்க. நான் சேத்து நடந்துக்கிறேன்."

வெட்கமாகத்தான் இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். பார்ப்பதற்கு மனிதர் ஒருவரும் இல்லை. அவருடைய விரல்கள் காப்பின் கொக்கியைத் தேடின.