வாசலில் கிடந்த செருப்பு

ஆம்பூரிலிருந்து வேலைக்கு வந்த தமயந்தி, காக்ஸ் டவுனில் பெர்னதெத் ஆன்ட்டி வீட்டுப் பின்னாலிருந்த அறையில் பெட்டியை இறக்கியது தொண்ணூற்றெட்டு ஜூன் மாதம். ஓட்டுக்கூரை, ஒற்றைக் கதவு, ஈரச் சுண்ணாம்பு நெடி.

ஆன்ட்டி படிக்கட்டுக்கு அடியிலிருந்து ஓர் ஆண்பிள்ளைச் செருப்பை எடுத்துவந்து வாசலில் போட்டார்.

"தனியா இருக்கப் போற. இது இங்கயே கெடக்கட்டும்மா. யாராச்சும் கதவத் தட்டினா, உள்ள பார்த்து 'ஏங்க'ன்னு ஒரு குரல் குடு. ஆம்பள இருக்கான்னு ஓடிடுவானுங்க."

"யாரோட செருப்பு ஆன்ட்டி?"

"முன்ன குடியிருந்தவனோடது. அதெல்லாம் உனக்கெதுக்கு?"

"சோறு போட வேணாத புருஷன்!" என்று தமயந்தி சிரித்தாள்.

அடுத்த வாரம் பஸ் ஸ்டாப்பிலிருந்து ஒருவன் அவள் பின்னாலேயே வர ஆரம்பித்தான். மூன்று நாள் தெருமுனையோடு நின்றான். நான்காம் நாள் சாயங்காலம் நல்ல மழை. கரண்டும் போய்விட்டது. கதவு தட்டப்பட்டது.

"மேடம், மீட்டர் பாக்கணும். ஸ்வல்ப கதவு தெறங்க," என்று கன்னடம் கலந்து கொஞ்சம் திறக்கச் சொன்னது ஒரு குரல்.

தாழ்ப்பாள் ஆடியது. அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவளின் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா, கண்ணுகளா? இருண்டு கிடந்த காலி அறையைத் திரும்பிப் பார்த்துக் கத்தினாள்.

"ஏங்க! யாரோ வந்திருக்காங்க பாருங்க!"

கட்டில் கிறீச்சிட்டது.

பீடி நாற்றம் வந்தது.

"யார்ரா அவன்?" என்றது ஓர் ஆண்குரல், உள்ளேயிருந்து.

வெளியே நின்றவன் தலைதெறிக்க ஓடினான். தமயந்தியும் கதவைத் திறந்துகொண்டு ஆன்ட்டியிடம் ஓடினாள். இருவரும் டார்ச் அடித்துத் தேடினார்கள். அறையில் யாருமில்லை.

ஆன்ட்டி சிலுவை போட்டுக்கொண்டார். "பொண்டாட்டிய வெளியவே விடாம பூட்டி வெச்சிருந்தான்மா. அவ ஓடிப்போன அன்னிக்கு இதே ரூம்ல செத்தான். வெறும் செருப்புதானேன்னு நெனச்சிட்டேன்."

அப்போதே செருப்பைத் தெருக்கோடிக் குப்பைத்தொட்டியில் போட்டார்கள். இரவு ஆன்ட்டியோடு படுத்திருந்த தமயந்தி, விடிந்ததும் துணிமணி எடுக்க அறைக்குள் போனாள்.

கட்டிலடியில் செருப்பு இருந்தது. நனைந்திருந்தது.

பின்னால் தாழ்ப்பாள் தானாக விழுந்தது.

"தமயந்தி, காபி ஆறுது. எடுத்தாச்சாம்மா?" ஆன்ட்டி வெளியே நின்று கதவைத் தட்டினார்.

அவள் வாயைத் திறப்பதற்குள், காதோரத்திலிருந்து பதில் போனது.

"அவ இனிமே வெளிய வரமாட்டா."