நீர்க்கோபுரத்தின் நடுக்கம்பி

அந்தி மயங்கி, கீழ்வானில் எழுந்த முழுமதியின் வெள்ளொளி செம்மணியாற்றின் அலைகளில் சிதறி நடுங்கிய வேளையில், நெடுங்கல் கோட்டையின் நீர்க்கோபுரத்துச் சாளரக் கம்பிகளைப் பற்றியபடி, துயரமே உருவாக நின்றாள் உமையாள் என்னும் ஆடலணங்கு. ஒற்றறிய வந்தவளென்று பிடிபட்ட அவளுக்கு விடிந்தால் கொலைக்களம். அதைவிடக் கொடியதொன்று அவள் நெஞ்சை அறுத்தது. ஆற்றைக் கடக்கவிருக்கும் எயில்நாட்டுப் படையை அழிக்க நாணற்காட்டில் வில்லவர் பதுங்கியிருந்தனர். அதை எவர் போய்ச் சொல்வது?

கதவு திறந்தது. கையில் விளக்குடன் நுழைந்தான் காவல்தலைவன் சேந்தன் விடங்கன். வாசகர்களே, வசந்தவிழாவில் அவள் ஆடக்கண்டு மனத்தைப் பறிகொடுத்தவனும், பின்னர் அவளைச் சிறைப்பிடிக்க நேர்ந்தவனும் அவனே.

"நடுக்கம்பியைச் சுண்டிப் பாருங்கள், தேவி."

மூன்றையும் சுண்டினாள். ஓரக் கம்பிகள் கணீரென்றன. நடுக்கம்பி மந்தமாய் முனகியது.

"ஓரத்தவை வார்ப்பிரும்பு. வளையா. அடித்து உடைக்கலாம், அந்த ஓசைக்குக் கோட்டையே திரண்டுவிடும். உருக்கவோ உலைக்களம் வேண்டும். நடுவிலுள்ளது வெள்ளீயத்தில் சிறிது செம்பு கலந்து வார்த்தது. தங்களை இங்கே அடைக்குமுன், துருவேறிய பழைய கம்பிகளை மாற்றும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, கரிபூசிப் பொருத்திவிட்டேன். இந்தச் சுடரே அதற்குப் போதும்."

சுடர் பட்ட இடத்தில் கம்பி மினுமினுத்து, இளகி, வெள்ளித் துளிகளாய்ச் சொட்டியது. உமையாளின் கண்களும் சொட்டின.

"தாங்களும் வாருங்கள். நான் ஆடல்மகள் அல்லள். எயில்நாட்டு மன்னரின் மகள். என் தந்தை தங்களைக் காப்பார்."

"பிடித்த அன்றே அறிவேன். நாணற்காட்டைப் பற்றித் தாங்கள் அவரிடம் சொல்லப்போவதையும் அறிவேன். அதற்குரிய தண்டனையை வேறொருவன் தலையில் ஏற்ற என்னால் ஆகாது." அவன் இடையில் சுற்றி வந்த கயிற்றை ஓரக் கம்பியில் கட்டினான். "கீழே ஓடம் நிற்கிறது. மேலாடையைத் தாருங்கள். கீழிருந்து பார்ப்பவர்களுக்குச் சாளரத்தில் ஓர் உருவம் தெரிய வேண்டும்."

கயிற்றில் இறங்கி ஓடமேறியவள் திரும்பிப் பார்த்தாள். இரண்டு கம்பிகளுக்கு நடுவே, அவளுடைய முக்காட்டுடன் அவன் அசையாமல் நின்றான்.

"இருக்கிறாளா?" என்றது மதில்மேல் ஒரு குரல்.

"நிற்கிறாள்," என்றது மற்றொன்று.

எயில்நாட்டுப் படை ஆற்றில் இறங்கவில்லை. விடியற்காலையில் பாசறை வாயிலில் மகளைத் தழுவிக்கொண்ட மன்னர், "உன்னை மீட்டவர் யாரம்மா?" என்று வினவினார்.

அக்கரையில் கொலைப்பறை முழங்கத் தொடங்கியது. அது ஓயும்வரை உமையாள் வாய் திறக்கவில்லை.

"என் கணவர், தந்தையே," என்றாள் பிறகு. கைவளைகளை ஒவ்வொன்றாகக் கழற்றலானாள்.