கண்ணுக்குள் குழாய்த் தண்ணீர்

"ஐயோ... அக்கா!"

குளியலறையிலிருந்து வந்த அலறலில் இராஜேந்திரனின் கைத் தேநீர் தளும்பியது.

அவன் எழவில்லை. அந்த அலறலுக்காகத்தானே காத்திருந்தான் மனுசன்!

மனைவி நிர்மலா ஓடினாள். அவள் தங்கை பிரசாந்தினி தொட்டி ஓரத்தில் குந்தியிருந்தாள். இரண்டு கண்களும் மிளகாய்ப் பழம்.

"லைட்டை நிப்பாட்டுங்கோ அக்கா... குத்துது. கண்ணாடியில என்ர முகமே தெரியேல்லை."

இராஜேந்திரன் சுவர் நாட்காட்டியைப் பார்த்தான். நாளை வியாழன். பிரசாந்தினியைப் பொலிஸ் வரச் சொன்ன நாள்!

போன மாதம் லண்டனில், குட்மேய்ஸ் ஸ்டேசன் அருகே, பாதசாரிக் கடவையில், சபாரத்தினம் என்ற பெரியவரை ஒரு கார் அடித்துப் போட்டது. கார் நின்றது. கண்ணாடி இறங்கியது. ஓட்டியவன் எட்டிப் பார்த்தான்... பறந்துவிட்டான். பெரியவர் அங்கேயே முடிந்தார்.

ஓட்டியவன் இராஜேந்திரன். சிநேகிதனிடம் இரவல் வாங்கிய கார். எதிரே பஸ் தரிப்பில் நின்று, ஆம்புலன்ஸை அழைத்த ஒரே ஆள்... பிரசாந்தினி!

அவள் வீட்டில் எதுவும் சொல்லவில்லை. சாட்சி விஷயமாக வியாழக்கிழமை வரச் சொல்கிறார்கள் என்று மட்டும் சொன்னாள். அன்று அவள் தன்னை அடையாளம் காணவில்லை, ஆனால் பொலிஸ் படங்களைக் காட்டினால் தன் படத்தில் விரல் வைப்பாள் என்று இவனே முடிவு கட்டினான்.

அவள் கண்ணில் போடும் லென்ஸின் பெட்டியில் ஒரு ஸ்டிக்கர் உண்டு. குழாய், அதன் குறுக்கே சிவப்புக் கோடு. தண்ணீர் பட்டால் கண்ணுக்கே ஆபத்து என்று கண்ணாடிக் கடையில் படித்துப் படித்துச் சொன்னபோது இவனும் கூட நின்றான். அவள் அதில் தவறவே மாட்டாள். கையைக் கழுவி ஈரம் போகத் துடைப்பாள். லென்ஸை உள்ளங்கையில் வைத்து மருந்துநீரால் தேய்ப்பாள். டப்பாவில் கிடந்த பழையதைக் கொட்டிவிட்டுப் புதிதாக விட்டு ஊறவைப்பாள்.

பாவம், போத்தலையே நம்பினாள்.

இரண்டு வாரத்துக்கு முன் இராஜேந்திரன் புதுப் போத்தல் ஒன்று வாங்கினான். மருந்துநீரைக் கொட்டினான். குழாயைத் திறந்தான். அவ்வளவுதான்!

அகப்பட்டால்? பழியைப் போடவும் ஆள் இருந்தது. ஷாம்பூ, கோப்பை கழுவுகிற திரவம், எது அடியில் கொஞ்சம் கிடந்தாலும் நிர்மலா தண்ணீர் விட்டுக் குலுக்கிவிடுவாள்.

அன்றே கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹம்சா, மதுரைக்காரி, லென்ஸ், டப்பா, போத்தல் எல்லாவற்றையும் வாங்கிச் சோதித்தார். பிறகு டப்பாவைச் சாய்த்துக் காட்டினார். உள்ளே வெள்ளையாகப் படிந்திருந்தது.

"கெட்டில்ல படியுற மாதிரி இருக்கு பாருங்க. லண்டன் குழாய்த் தண்ணி. அதுல இருக்கற கிருமி ரெண்டு கருவிழியிலயும் இறங்கிடுச்சு. மருந்து போடறோம்... ஆனா பார்வை திரும்பும்னு என்னால சொல்ல முடியலம்மா."

நிர்மலா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இராஜேந்திரன் தயாராக வைத்திருந்த வசனத்தை எடுத்துவிட்டான்.

"இவதான் டொக்டர்... எல்லாப் போத்திலுக்கும் தண்ணி விடுறவ. இதுக்கும் விட்டிருப்பா."

கண்களில் கட்டுப் போட்ட பிரசாந்தினியின் முகம் மெல்ல அவன் பக்கம் திரும்பியது.

"அக்கா முடியப்போற போத்திலுக்குத்தான் தண்ணி விடுவா, அத்தான். இது புதுசு. நீங்கள் வாங்கித் தந்தது."

நிர்மலாவின் அழுகை நின்றது.

"அண்டைக்குக் காருக்குள்ள உங்களை நான் வடிவாக் கண்டனான். லென்ஸ் போடேல்லை, ஒண்டும் தெரியேல்லையெண்டு பொலிசுக்குப் பொய் சொன்னனான். அக்காவின்ர வாழ்க்கைக்காக. நாளைக்குக் கூப்பிட்டது அதில கையெழுத்து வைக்கத்தான்."

தன்னைக் காப்பாற்ற இருந்த ஒரே ஆளைத்தான் குருடாக்கியிருக்கிறான்! நிர்மலா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டொக்டர்," என்றாள் பிரசாந்தினி. "பொலிசுக்கு ஒரு கோல் எடுத்துத் தாங்கோ. நான் மாத்திச் சொல்ல வேணும்."

இராஜேந்திரன் வாயைத் திறந்தான். வறட்டு இருமல்தான் வந்தது.

போனை எடுத்தபடியே டாக்டர் அவனை ஏறிட்டார்.

"தண்ணி வேணுமா சார்? நீங்க வாங்கிட்டு வந்த பாட்டில்ல இன்னும் பாதி இருக்கு!"